மன்றம் பேசவைத்த பிள்ளை

செங்கல்பட்டில் பேச்சு வராத பிள்ளைகளைப் பேசவைப்பதற்கென்றே ஒரு மன்றம் திறந்திருக்கிறார்கள் என்று அன்பரசிக்குச் சொன்னவர் அங்கன்வாடி டீச்சர். "மூணு வயசு ஆவப்போவுது. இன்னும் ஒரு அம்மா, அப்பா இல்ல. சும்மா வூட்டுல வெச்சுகினு இருக்காதம்மா, இட்டுகினு போ" என்றார்.

தன் மகள் கவியா ஊமையில்லை என்று அன்பரசி தெருவில் எல்லாரிடமும் அடித்துச் சொல்லி வந்தவள். பசித்தால் அம்மாவின் நைட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அடுப்புப் பக்கம் நிறுத்தும் பிள்ளை அது. கதவை அறைந்தால் திடுக்கிட்டுத் திரும்பும். சிரித்தால் வீடே நிறைந்துவிடும். பேச்சு மட்டும்தான் வரவில்லை. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டில் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக்கொண்டே அவளும் காத்திருந்தாள். கணவன் ஜெபக்குமார் கூடுவாஞ்சேரியிலிருந்து ஐடி கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் டிரைவர். அவன் விடிவதற்குள் கிளம்பிவிடுவான். ஆகவே மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அன்பரசிதான் செங்கல்பட்டுக்குப் போனாள்.

மன்றத்தின் முழுப்பெயர் 'மழலைப் பேச்சு மேம்பாட்டு உயர்நிலை மன்றம்'. புதுக் கட்டடம். வாசலில் 'பேச்சே நம் மூச்சு' என்று வளைவு. உள்ளே போனதும் எல்லாச் சுவர்களிலும் 'அமைதி காக்கவும்' என்ற பலகை. குழந்தை இருமினால்கூட வாட்ச்மேன் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

பதிவு மேசையில் திட்ட அலுவலர் பிரபாவதி உட்கார்ந்திருந்தார். பட்டுப்புடவை, கழுத்தில் அடையாள அட்டை, யாரையும் நோகடிக்காத குரல்.

"குழந்தை பேரு?"

"கவியாங்க மேடம்."

"நீங்க சொல்லக் கூடாதும்மா. பயனாளிதான் சொல்லணும்."

அன்பரசிக்குப் புரியவில்லை. "அது பேசாதுங்க மேடம். அதுக்குத்தான வந்துகீறோம்."

"அதை நாங்க எப்படி நம்புறது? நல்லாப் பேசுற குழந்தைகளைக் கூட்டிட்டு வந்து சலுகையை அனுபவிக்கிறவங்க இருக்காங்க. அதனால பயனாளி தன் பெயரையும், தனக்குப் பேச்சு வரலைங்கிறதையும் தன் வாயால சொல்லணும்னு விதி இருக்கு."

"பேச்சு வரலன்னு வாயால சொல்லணுமா?"

"தெளிவா. உச்சரிப்பு முக்கியம்."

அன்பரசி மடியிலிருந்த பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை பிரபாவதியின் மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தது. வரிசையில் பின்னால் நின்றவர்களும் இதே போலத் தங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில், விதிக்கு மாற்றாக ஒரு வழி இருப்பதாகப் பிரபாவதியே இரக்கப்பட்டுச் சொன்னார். சொல்ல முடியாத பயனாளிகளுக்கென்று 'பேச்சின்மை உறுதிப்பாட்டுக் குழு' ஒன்று உண்டு. அந்தக் குழு பிள்ளையை நேரில் பார்த்து, அது பேசவில்லைதான் என்று உறுதி செய்தால் போதும்.

குழு கூடுவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ரிசார்ட்டில் சூப்பர்வைசரிடம் கெஞ்சி லீவு வாங்கிக்கொண்டு அன்பரசி போனாள். பெரிய மேசையைச் சுற்றிப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளையை நடுவில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பிள்ளைகளிடம் எப்படிப் பேச வேண்டும் என்பது பற்றி முதல் உறுப்பினர் பேசினார். அதை மறுத்து இரண்டாமவர் பேசினார். இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது என்று மூன்றாமவர் விரிவாகப் பேசினார். பிள்ளையிடம் ஒருவரும் பேசவில்லை. காபி வந்தபோது பிள்ளை தூங்கிப்போயிருந்தது.

"கூட்ட நேரம் முழுக்கக் குழந்தை பேசவில்லை. ஆனால் உறங்கிக்கொண்டிருந்ததால் அது பேசாமல் இருந்ததா, பேச விரும்பாமல் இருந்ததா என முடிவு செய்ய இயலவில்லை" என்று எழுதிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வரச் சொன்னார்கள்.

அடுத்த கூட்டத்தில் பிள்ளை தூங்கவில்லை. தூங்கவிடாமல் அன்பரசி வழியெல்லாம் அதன் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்திருந்தாள். அந்தக் கோபத்தில் நாற்காலியில் உட்காரவைத்ததும் பிள்ளை வீறிட்டு அழுதது. உறுப்பினர்கள் நிமிர்ந்தார்கள்.

"'அ' என்கிறது. உயிரெழுத்தில் முதல் எழுத்து" என்றார் ஒருவர்.

"எனக்கு 'ஆ' என்று கேட்டது. அப்படியானால் இரண்டாம் எழுத்துக்கு வந்துவிட்டது" என்றார் இன்னொருவர்.

அது குறிலா நெடிலா என்று மதியம்வரை வாதம் நடந்தது. பிள்ளையை மறுபடி அழவைத்துக் கேட்டுவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அன்பரசி எழுந்து நின்றுவிட்டாள்.

"ஐயா, அது அழுவுதுய்யா. எல்லாப் புள்ளைங்களும்தான் அழுவும். அழுவுறது பேச்சா?"

"பெற்றோர் உணர்ச்சிவசப்படக் கூடாது" என்றார் தலைவர். "இன்று உயிரெழுத்து வந்திருக்கிறது. மெய்யெழுத்தும் வரும்."

அன்று மாலை வீட்டுக்கு வந்து அவள் சொன்னதைக் கேட்ட ஜெபக்குமார் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். "இன்னா பேஜாரு இது. நம்ம கொழந்த அழுததுக்கு மார்க்கு போடுறானுங்களா? உடு, வேற எங்கனா போலாம்."

"அங்க பேச்சு டீச்சர் இருக்காங்களாம். அவுங்க பாத்தா வந்துருமாம். வெளிய போனா பேர எடுத்துடுவாங்களாம், திரும்பச் சேக்க மாட்டாங்களாம். இன்னும் ஒரு வாட்டி போய் வர்றேன்" என்றாள். அந்த ஒரு வாட்டி பல வாட்டி ஆயிற்று. மழைக்காலம் வந்து போயிற்று. தெருவில் கவியாவுக்குப் பின் பிறந்த பிள்ளைகள் எல்லாம் 'அத்தே' என்று கூப்பிட ஆரம்பித்தன. ஒவ்வொன்றும் கூப்பிடும்போது அன்பரசி சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் போய்விடுவாள்.

ஒருவழியாக உறுதிப்பாடு கிடைத்தது. பேச்சுப் பயிற்சியாளர் ஸ்ரீதேவியைப் பார்க்கச் சொல்லி மாடிக்கு அனுப்பினார்கள். பயிற்சி அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே வண்ண வண்ணப் பொம்மைகள், ஊதுகுழல், ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடிக்கு முன்னால் சின்ன நாற்காலி ஒன்றில் முழங்கால் மோவாயைத் தொட உட்கார்ந்திருந்தவர் மன்றத்தின் தலைமை இயக்குநர் சதாசிவம்.

"நாக்கை நல்லா மேல மடிங்க சார். ம... ழ... லை" என்றாள் ஸ்ரீதேவி. இளம்பெண், கண்ணில் களைப்பு.

"மளலை" என்றார் சதாசிவம்.

"மழலை."

"மளலை. போன தடவையைவிட இப்ப பரவாயில்லைதானே?"

ஸ்ரீதேவி ஒரு பொம்மைக் கிளியை எடுத்து அவர் முன்னால் ஆட்டினாள். இயக்குநர் மலர்ந்து சிரித்தார்.

வெளியே பெஞ்சில் காத்திருந்த அன்பரசியிடம் பிரபாவதி விளக்கம் சொன்னார். "பேச்சுப் பயிற்சியாளர்ங்கிற பதவிக்கு அர்த்தமே அதுதானேம்மா. மன்றத்தில யார் அதிகம் பேசுறாங்களோ அவங்களுக்கு முன்னுரிமை. ஐயா மாசம் முழுக்க மேடை ஏறுறவர். அவர் பேச்சு நல்லா இருந்தாத்தான் மன்றத்துக்குப் பேரு. குழந்தைங்க எங்க போயிடப் போறாங்க? பேசாமத்தானே இருக்காங்க."

இயக்குநர் போன பிறகு மிஞ்சிய கொஞ்ச நேரத்தில் ஸ்ரீதேவி கவியாவைப் பார்த்தாள். பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாகப் பெயரைச் சொன்னாள். பிள்ளை திரும்பவில்லை. கிலுகிலுப்பையை ஆட்டினாள். திரும்பவில்லை. தரையில் காலைத் தட்டினாள். உடனே திரும்பியது.

ஸ்ரீதேவியின் முகம் மாறியது. "அக்கா, இதுக்கு முதல்ல காது பரிசோதனை பண்ணணும்."

"காது நல்லா கேக்குதே மேடம்? கதவு அடிச்சா திரும்புறா."

"அதிர்வு தெரியுதுக்கா. பேச்சு கேக்குதான்னு பாக்கணும். இங்கயே சத்தம் புகாத அறை இருக்கு, மெஷின் இருக்கு." சொல்லிக்கொண்டே நடைபாதையின் கோடிக்குக் கூட்டிப் போனாள். அறைக் கதவில் 'பயன்பாட்டில் உள்ளது' என்று சிவப்பு விளக்கு எரிந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் இயக்குநர் அங்கேதான் ஓய்வெடுப்பார். கட்டடம் முழுவதிலும் சத்தமே புகாத இடம் அது ஒன்றுதான்.

காலையிலாவது பார்க்கலாமா என்று ஸ்ரீதேவி கேட்டதற்கு, காலையில் உள்ளே கட்டில் போட்டிருப்பதால் மெஷினை வைக்க இடமில்லை என்றார் பிரபாவதி. ஆண்டு விழா முடியட்டும், கட்டிலுக்கு வேறு அறை பார்க்கலாம் என்றார். பிறகு கவியாவைக் கூர்ந்து பார்த்தார். சுருள்முடி, பெரிய கண், கன்னத்தில் குழி.

"விழாவுல உங்க பொண்ணை மேடை ஏத்துவோம். நன்றியுரை. அடுத்த நாளே காது டெஸ்ட்டு, அதுக்கப்புறம் தினமும் பயிற்சி. நானே எழுதிக் குடுக்குறேன்."

"நன்றியுரையா? மேடம், அது..."

"அதை மன்றம் பாத்துக்கும்" என்றார் பிரபாவதி.

ஆண்டு விழா மாமல்லபுரத்தில், கடலோரத் திடலில் பந்தல் போட்டு நடந்தது. அலைச் சத்தத்தை மிஞ்சும்படி ஒலிபெருக்கிகள். முன்வரிசையில் பிரமுகர்கள், பின்னால் டீச்சர்கள், அதற்கும் பின்னால், வெயில் விழும் பக்கம், பேசாத பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும். ஜெபக்குமார் வேனுக்கு மாற்று ஆள் போட்டுவிட்டு வந்திருந்தான். கவியாவுக்கு ரோஜா நிறக் கவுன். அதை மன்றமே தந்திருந்தது.

சதாசிவம் மைக்கைப் பிடித்தார்.

"மளலைச் செல்வங்களே! ஒரு குளந்தை ஏன் பேசுவதில்லை? நான் ஆராய்ந்து பார்த்தேன். நாம் போதுமான அளவு பேசாததுதான் காரணம். ஆகவேதான் நான் ஓயாமல் பேசுகிறேன். நண்பர்களே, ஓர் உண்மையைச் சொல்கிறேன். இந்த மன்றம் தொடங்கியபோது எனக்கு மேடையில் நிற்கவே நடுங்கும். இரண்டு வார்த்தை கோவையாக வராது. இன்று எத்தனை மேடை, எத்தனை மாலை! மன்றத்தில் முளுமையாகப் பயன்பெற்ற முதல் பயனாளி நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவர் அதற்குப் பிறகும் வெகுநேரம் பேசினார். பின்வரிசையில் பிள்ளைகள் வாடிப்போய் அம்மாக்களின் தோளில் சரிந்தன. கடைசியில் பிரபாவதி கவியாவைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் போய், ஒரு ஸ்டூலில் நிறுத்தி, மைக்கை வாய்க்கு நேராக இறக்கிவைத்தார்.

கவியா கூட்டத்தைப் பார்த்தது. அம்மாவைத் தேடியது. வாய் லேசாகத் திறந்தது.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றது ஒலிபெருக்கி.

தேன்போல ஒரு சின்னக் குரல். அன்பரசியின் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் கீழே விழுந்தது.

"என்னைப் பேசவைத்த இயக்குநர் ஐயாவுக்கு நன்றி. என் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நன்றி."

அம்மா என்ற சொல் பந்தலைச் சுற்றிவந்து அவள் மார்பில் மோதியது. அவளுக்கு வேறெதுவும் தெரியவில்லை. "பேசிச்சுங்க! நம்ம பொண்ணு பேசிச்சுங்க!" என்று ஜெபக்குமாரின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு, பிரமுகர்களின் கால்களைத் தாண்டிக்கொண்டு மேடையை நோக்கி ஓடினாள். இத்தனை காலமும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் கண்ணீராக வழிந்துகொண்டிருந்தது. புகைப்படக்காரர்கள் அதைப் படம் பிடித்தார்கள். பார்த்தவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மேடைக்கு வெகு அருகில் போய்விட்டாள். அம்மாவைப் பார்த்த சந்தோஷத்தில் கவியா கட்டை விரலை வாயில் வைத்துக்கொண்டது. மூடிய உதடுகளுக்குள் விரல் இருக்க, ஒலிபெருக்கி மட்டும் பேசிக்கொண்டே போனது.

"வாழ்க நம் மன்றம். வளர்க அதன் தொண்டு."

அன்பரசி நின்றுவிட்டாள். பின்னால் ஓடிவந்த ஜெபக்குமாருக்கும் அப்போதுதான் தெரிந்தது. அவன் மேடை ஏறிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டான். அதற்கும் கைதட்டினார்கள்.

பந்தலின் பின்பக்கம் ஒலிப்பெட்டிகளுக்கு நடுவில் ஸ்ரீதேவி நின்றுகொண்டிருந்தாள். அன்பரசியைக் கண்டதும் முகத்தை மூடிக்கொண்டாள். "பிரபாவதி மேடத்தோட தங்கச்சி பொண்ணு குரல்க்கா. ஊரப்பாக்கத்துல இருக்கா. என்னைத்தான் பதிவு பண்ணச் சொன்னாங்க. நீங்க இப்படி ஓடி வருவீங்கன்னு நான் நினைக்கவே இல்லக்கா. மன்னிச்சிடுங்க."

"ஒரு நிமிசம் நான் நம்பிட்டேம்மா" என்றாள் அன்பரசி. அவளுக்குத் திட்ட வரவில்லை. "அம்மான்னு சொன்ன மாதிரியே இருந்துச்சு."

மறுநாள் காது பரிசோதனைக்காக மன்றத்துக்குப் போனபோது கவியாவின் பெயர் பயிற்சிப் பட்டியலில் இல்லை. 'பேசுநர்' என்ற பிரிவுக்கு மாற்றிவிட்டதாகப் பிரபாவதி சொன்னார்.

"பேசுற குழந்தைக்கு எதுக்கும்மா பயிற்சி?"

"அது பேசலன்னு உங்களுக்கே தெரியும் மேடம். நீங்கதான ரெக்கார்டு போட்டீங்க!" அன்பரசியின் குரல் ஏறியது. வாட்ச்மேன் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

பிரபாவதி கோபப்படவில்லை. "உங்க பொண்ணு பேசினதை ஊரே பாத்துது. நீங்களே அழுதுட்டு ஓடி வந்தீங்க, பேப்பர்ல படம் வந்திருக்கு. பெத்த தாயே சாட்சி. இப்ப பேசலைன்னு சொன்னா யார் நம்புவாங்க? இல்ல, மறுபடியும் பேச்சு நின்னு போச்சுன்னா, பயனாளியே வந்து புகார் குடுக்கலாம். வாய்மொழியாக் குடுத்தாலும் ஏத்துக்குவோம்."

ஜெபக்குமார் மேசையைக் கையால் அறைந்தான். பேப்பர் வெயிட் உருண்டு விழுந்தது. கவியா மட்டும் அதிர்ந்து திரும்பியது. "வா அன்பு, போலாம்" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவன் வெளியே நடந்தான்.

ஸ்ரீதேவி வாசல்வரை வந்து சொன்னபடி செங்கல்பட்டிலேயே இருந்த அரசுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே கூட்டம் இருந்தது, அழுக்கு இருந்தது, காத்திருக்கவும் வேண்டியிருந்தது. ஆனால் பிள்ளையின் காதில் மெஷின் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு காதிலும் பேச்சுச் சத்தம் ஏறக்குறைய விழவே இல்லை என்றார் டாக்டர். காதுக்கு அச்சு எடுத்தார். கருவி வந்ததும் மாட்டலாம், பயிற்சியும் தருகிறோம் என்றார். பிறகு சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டார்: "இந்த வயசுல ஒவ்வொரு மாசமும் முக்கியம்மா. போன வருஷமே வந்திருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும். எங்க இருந்தீங்க இவ்வளவு நாளா?"

செங்கல்பட்டில்தான் இருந்தோம், இந்த ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் ஒவ்வொரு தடவையும் பஸ் போயிற்று என்று எப்படிச் சொல்வது?

ஜெபக்குமார் வேலைக்கு ஓட, அன்பரசி பிள்ளையுடன் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். அங்கே கழிப்பறைச் சுவரை மறைத்துப் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். ரோஜா நிறக் கவுனில் கவியா. பக்கத்தில் அழுதுகொண்டே கை நீட்டும் அன்பரசி. மேலே சதாசிவம், கும்பிட்டபடி. 'நான் பேசுகிறேன்! உங்கள் குழந்தையும் பேசும்!'

பேனரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். இடுப்பில் கவியா வயதில் ஒரு பையன். தற்செயலாகத் திரும்பியவள் அன்பரசியைப் பார்த்தாள், பேனரைப் பார்த்தாள், மறுபடி அன்பரசியைப் பார்த்தாள்.

"அக்கா! நீங்கதானா அது? இதுதான் அந்தக் கொழந்தையா?" ஓடிவந்து கவியாவின் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டாள். "நான் எல்லம்மா, அச்சரப்பாக்கம். இவன் ஹேமந்த். இன்னும் ஒரு வார்த்த பேசலக்கா. பேப்பர்ல உங்க படத்தப் பாத்துட்டுத்தான் கெளம்பி வந்தேன். கண்ணு, ஒரு வார்த்த சொல்லேன், உன் குரல கேட்டுட்டுப் போறேன்."

கவியா அவள் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்தது.

"அது பேசாதும்மா" என்றாள் அன்பரசி. "எப்பவும் பேசுனதில்ல. அங்க போவாத. போட்டது ரெக்கார்டு. மொதல்ல புள்ளைக்குக் காது பாரு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ, நானே இட்டுகினு போறேன் வா."

எல்லம்மாளின் முகத்திலிருந்த வெளிச்சம் அணைந்தது. அவள் அன்பரசியைப் பார்த்தாள். பேனரில் இருந்த அன்பரசியைப் பார்த்தாள். அந்த அன்பரசி சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தாள். யாருக்கும் சந்தேகம் வராத சந்தோஷம்.

"உங்க புள்ளைக்கு வந்துடுச்சு. எங்க புள்ளைக்கு வரக்கூடாதாக்கா?" என்றாள் எல்லம்மாள். "கூட்டம் சேந்துட்டா உங்களுக்கு எடம் கொறஞ்சிடும்னு பயமா? நல்லா இருங்க."

பையனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மன்றம் இருக்கும் தெருப்பக்கம் விடுவிடுவென்று நடந்தாள்.

"எல்லம்மா! நில்லும்மா! காது பாரு மொதல்ல! காது!"

திண்டிவனம் பஸ் ஒன்று ஹாரனை அடித்துக்கொண்டே குறுக்கே திரும்பியது. அன்பரசி தொண்டை கிழியக் கத்தினாள். பஸ் போன பிறகு தெருமுனையில் யாரும் இல்லை. அவள் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இடுப்பிலிருந்த கவியா அம்மாவின் வாயையே பார்த்தது. பிறகு தன் வாயையும் அதேபோல் அகலமாகத் திறந்து வைத்துக்கொண்டது.